இருநூறு பேர் கணக்கு

விஞ்ஞானக் கதை வாசகர்களின் முதல் ‘உலக மாநாடு’ 1939 ஜூலை 2 முதல் 4 வரை நியூயார்க்கில் நடந்தது. வந்தவர்கள் சுமார் 200 பேர். சிறப்பு விருந்தினர், பத்திரிகை அட்டைகளில் விண்கலம் வரைந்தே பேர் வாங்கிய ஓவியர் பிராங்க் ஆர். பால். அவரைக் கௌரவிக்க ஒரு விருந்தும் ஏற்பாடாகியிருந்தது. சாப்பாடு ஒன்றுக்கு ஒரு டாலர். பந்தியில் உட்கார்ந்தவர்கள் 32 பேர்தான். மற்றவர்களுக்கு அந்த ஒரு டாலர் கட்டுப்படியாகவில்லை.

பேரோ உலக மாநாடு. ஆறு பேரில் ஒருவருக்குத்தான் சாப்பாட்டுக்குக் காசு இருந்தது. திண்டுக்கல்லில் ஒரு நடுத்தரக் குடும்பத்து வளைகாப்புக்கே இதைவிடக் கூட்டம் சேரும். வந்த அத்தனை பேரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

இந்த மாநாடுகளின் வரலாற்றை எழுத்தாளர் பெயர்களை அடுக்கிச் சொல்வது வழக்கம். தலையையும் காசையும் எண்ணினால் வேறு சில உண்மைகள் தட்டுப்படுகின்றன. தமிழில் விஞ்ஞானக் கதைக்கும் மாயக் கதைக்கும் ஒரு வாசகர் மாநாடு நடத்தலாமே என்று யாராவது பேச்செடுத்தால், ‘அதுக்கெல்லாம் லட்சக்கணக்குல ஆகும்’ என்ற பதில்தான் முதலில் வருகிறது. ஆகுமா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தலைக்கணக்கு

நியூயார்க்குக்கு முன்பே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1937 ஜனவரி 3 அன்று ஒரு கூட்டம் நடந்தது. இடம், தியசாபிகல் சங்க மண்டபம். வந்தவர்கள் இருபது பேருக்குள். முன்கூட்டியே அறிவித்து ஒரு பொது மண்டபத்தில் நடந்த முதல் விஞ்ஞானக் கதை மாநாடு இதுதான் என்று பலர் சொல்கிறார்கள். அந்த இருபதுக்குள் 19 வயது ஆர்தர் சி. கிளார்க்கும் ஒருவர். 1956-இல் இலங்கையில் குடியேறி, 2008-இல் கொழும்பில் காலமானவர். திண்டுக்கல்லிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 430 கி.மீ. சென்னைக்கு ரயில் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

உலக மாநாட்டின் வருகைப் பதிவேட்டிலிருந்து சில வரிகள்:

1939, நியூயார்க்: 200
1940, சிகாகோ: 128
1941, டென்வர்: 90
1942 முதல் 1945 வரை: போர், மாநாடு இல்லை
1946, லாஸ் ஏஞ்சலஸ்: 130
1952, சிகாகோ: 870
1955, கிளீவ்லாந்து: 380
1957, லண்டன்: 268
1967, நியூயார்க்: 1,500
1984, அனாஹைம்: 8,365

முதல் மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். 200, 128, 90. கூட்டம் பாதிக்கும் கீழே போய்விட்டது. அடுத்த நான்கு ஆண்டு மாநாடே இல்லை. நம் ஊரில் ஒரு சங்கத்துக்கு இந்த நிலை வந்தால் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுவார்கள். அவர்கள் கழற்றவில்லை. ஆனாலும் தலைக்கணக்கு ஆயிரத்தைத் தாண்ட 1967 வரை, 28 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. 1952-இல் 870 வரை போன எண்ணிக்கை மூன்றே ஆண்டில் 380-க்கு இறங்கியதும் உண்டு. எண்ணிக்கை எப்போதும் ஏறுமுகமாக மட்டும் போகவில்லை.

இன்னொரு தலைக்கணக்கும் உண்டு. 1939-இல் ஆறு பேர் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். ‘ஃப்யூச்சரியன்ஸ்’ என்ற எதிர்க்கோஷ்டியைச் சேர்ந்தவர்கள்; உள்ளே விட்டால் துண்டுப் பிரசுரம் கொடுத்துக் கலாட்டா செய்வார்கள் என்று அமைப்பாளர்களுக்குப் பயம். அந்த ஆறு பேரில் பிரெடரிக் போல், டொனால்ட் வோல்ஹைம், சிரில் கோர்ன்புளூத் மூவரும் பின்னாளில் இந்தத் துறையின் தூண்களானார்கள். இலக்கியக் கூட்டத்தில் கோஷ்டி கட்டுவது தமிழனின் தனிச்சொத்து என்று நினைப்பவர்கள் இந்த வரியைக் குறித்துக்கொள்ளலாம்.

வரவும் கடனும்

1950-களின் தொடக்கத்தில் உலக மாநாட்டுக்கு உறுப்பினர் கட்டணம் ஒரு டாலர். இன்று நேரில் வருபவர் 200 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். கட்டணத்தின் அளவைவிட அது எத்தனை வகையாகப் பிரிகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நேரில் வருபவருக்கு ஒரு கட்டணம். வர முடியாத, ஆனால் மாநாடு நடக்க வேண்டும் என்று விரும்புபவருக்குக் குறைந்த கட்டணத்தில் ஆதரவுச் சந்தா. சந்தா கட்டியவருக்கு மாநாட்டு வெளியீடுகள் வரும். 1953-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஹியூகோ விருதுக்கு வாக்களிக்கும் உரிமையும் உண்டு. ஆக, மண்டபத்தில் உட்கார நாற்காலியும் சாப்பாடும் கேட்காதவர்களிடமிருந்தும் வரவு வருகிறது.

வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மேடையில் பேசுபவர்களில் பெரும்பாலோரும் கட்டணம் கட்டியே வருகிறார்கள். மாநாட்டுக்கு நிரந்தர முதலாளியும் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் ஒரு நகரத்துக் குழு ‘நாங்கள் நடத்துகிறோம்’ என்று முன்வர, உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முதலாளி இல்லாத இடத்தில் நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு? 1983-இல் பால்டிமோர் மாநாட்டில் இது நடந்தது. சுமார் 6,400 பேர் வந்தும், கடைசியில் கணக்குப் பார்த்தபோது கையிருப்புக்குப் பதில் ஏறக்குறைய 44,000 டாலர் கடன். வந்த தலை ஒன்றுக்கு ஏழு டாலர் வீதம் பள்ளம். மற்ற வாசகர் அமைப்புகள் கைகொடுத்துத்தான் அடைத்தன. அடுத்த ஆண்டு 8,365 பேர் வந்த அனாஹைம் மாநாட்டில் நல்ல உபரி. கூட்டம் பெருத்தால் லாபம் என்பதும், கூட்டம் பெருத்தால் கடன் என்பதும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒரே ஏட்டில் பதிவாகியிருக்கின்றன.

பின்னர் வந்த ஏற்பாடு ஒன்று நம் கோவில் கமிட்டிகளும் பார்க்கத் தக்கது. உபரி வரும் மாநாடு அதில் பாதியை அடுத்து வரும் மூன்று மாநாடுகளுக்குக் கைமாற்றிவிடுகிறது. அவர்களும் அதே போலத் தங்கள் உபரியில் பாதியைத் தர ஒப்புக்கொள்ள வேண்டும். வரவு செலவு அறிக்கையை ஆண்டுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும்.

பஸ் காசு இல்லாதவர்களின் மாநாடு

1948-இல் உலக மாநாடு கனடாவின் டொரான்டோவில் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் வாசகர்களுக்கு அது மூவாயிரம் கி.மீ.க்கு அப்பால். போக வசதி இல்லாதவர்கள், அந்த ஆண்டு செப்டம்பரில் தங்கள் ஊரிலேயே ஒரு நாள் கூடினார்கள். வந்தவர்கள் 77 பேர். ‘வெஸ்டர்கான்’ என்ற மேற்குக் கரைப் பிராந்திய மாநாடு பிறந்தது இப்படித்தான். பெரிய மாநாட்டுக்குப் போட்டியாகத் தொடங்கியதல்ல. போக்குவரத்துச் செலவைத் தவிர்க்கத் தொடங்கியது.

அதன் 77-ஆவது மாநாடு 2025-இல் கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டே சால்ட் லேக் சிட்டியில் கூடியவர்கள் தொடரை முடித்துக்கொள்ளத் தீர்மானம் போட்டிருந்தார்கள். எடுத்து நடத்த அடுத்த ஊர் முன்வராவிட்டால் எத்தனை ஆண்டுப் பாரம்பரியமும் நிற்கும்.

பயணச் செலவுக்கு இன்னொரு வழியும் கண்டார்கள். 1952-இல் பெல்பாஸ்டைச் சேர்ந்த வால்ட் வில்லிஸ் என்ற வாசகரைச் சிகாகோவுக்கு வரவழைக்க அமெரிக்க வாசகர்கள் சில்லறை சில்லறையாகச் சேர்த்தார்கள். அதிலிருந்து 1953-இல் அட்லாண்டிக் கடந்த வாசகர் நிதி உருவானது. 1972 முதல் ஆஸ்திரேலியாவுக்கும் அதே போல ஒரு நிதி. காசு கொடுத்தவர்கள் வாக்களித்து, யார் போக வேண்டும் என்று முடிவு செய்வார்கள். பழைய பத்திரிகை, கையெழுத்துப் பிரதி, ஓவியம் என்று ஏலம் விட்டும் நிதி சேரும்.

சாண்டியாகோ காமிக்-கானின் தொடக்கக் கணக்கும் சுவாரசியமானது. 1970 மார்ச்சில் ஒரு நாள் கூட்டம். வந்தவர்கள் 145 பேர். அதன் நோக்கமே, ஆகஸ்டில் நடத்தவிருந்த மூன்று நாள் மாநாட்டுக்குப் பணம் திரட்டுவது. ஆகஸ்டில் வந்தவர்கள் 300 பேர். விருந்தினர்களில் ரே பிராட்பரியும் ஒருவர். 1939 நியூயார்க் மாநாட்டுக்கு நண்பரிடம் கடன் வாங்கி, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பஸ்ஸிலேயே நாட்டைக் குறுக்காகக் கடந்து போன அதே பிராட்பரி. இன்று சாண்டியாகோவுக்கு ஆண்டுதோறும் 1,30,000 பேருக்கு மேல் வருகிறார்கள்.

தோக்கியோவின் ‘காமிகெட்’ தொடங்கியது 1975 டிசம்பர் 21 அன்று. தாங்களே படக்கதை வரைந்து அச்சிட்ட 32 குழுக்கள், பார்க்க வந்தவர்கள் சுமார் 700 பேர். 2019 டிசம்பரில் நான்கு நாளில் 7,50,000 பேர். ஆனால் அந்த முதல் நாளில் மேசை போட்டவர்கள் 32 குழுக்கள்தான்.

நம் பக்கத்து ஏடு

இந்தியாவில் விஞ்ஞானக் கதைக்கென்று அமைந்த முக்கியமான சங்கம் ஒன்று தமிழ்நாட்டில்தான் பிறந்தது. இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுச் சங்கம் 1998-இல் வேலூரில் தொடங்கியது. பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் கட்டுரை வாசிக்கும் மாநாடுகள் அதனுடையவை. வாசகர் திருவிழா என்ற வகையில் சேர்க்க முடியாது.

வணிக வழியில் வந்தது காமிக் கான் இந்தியா. ஜதின் வர்மா 2011 பிப்ரவரியில் டெல்லி ஹாட்டில் தொடங்கியது. பதின்மூன்றாம் ஆண்டில், 2024 ஜனவரியில், நாட்வின் கேமிங் என்ற நிறுவனம் அதை 55 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அடுத்த மாதமே, பிப்ரவரி 17, 18 தேதிகளில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான். ‘லட்சக்கணக்குல ஆகும்’ என்று சொல்பவர்கள் மனதில் வைத்திருப்பது இந்த மாதிரியைத்தான். இது ஒரு கம்பெனி நடத்தும் கண்காட்சி. அதன் செலவுக் கணக்கு வாசகர் மாநாட்டுக்குப் பொருந்தாது.

வாசகர் மாநாட்டுக்கு நெருங்கிய உறவுமுறை தமிழில் ஒன்று உண்டு. அது சிவகாசியில் தொடங்குகிறது. 1972-இல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைக் கொண்டுவந்தார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனில் 1962-இல் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய தொடர். படம் வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவனுக்கு ஒரு கை இரும்பு. விபத்தில் உடம்பில் பாய்ந்த மின்சாரம் அவனை மறைத்துவிடுகிறது; இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கிறது. அதற்குப் பின் பிளக் பாயிண்டில் விரலை வைத்தால் போதும், ஆள் மாயம். எழுபதுகளின் திண்டுக்கல் வாடகை நூலகங்களில் இதைப் படித்த பையன்களுக்கு ‘விஞ்ஞானப் புனைகதை’ என்ற வகைப்பெயர் தெரியாது. மாயாவியைத் தெரியும்.

1984-இல் எஸ். விஜயன் ஆசிரியராக லயன் காமிக்ஸ் வந்தது. இடையில் தொய்வு விழுந்து, 2012 முதல் மறுபடி சீராக வரத் தொடங்கியபோது, அதைத் தாங்கியது கடை விற்பனையைவிட ஆண்டுச் சந்தாவும் சிறப்பிதழ் முன்பதிவும்தான். எத்தனை பிரதி போகும் என்று தெரிந்துகொண்டு அச்சடிக்கும் முறை. மேற்கில் ஆதரவுச் சந்தா செய்த வேலையை இங்கே இது செய்தது.

அந்த வாசகர்கள் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டிக் கூடுகிறார்கள். மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்தும் அந்தத் திருவிழாவுக்கு எப்படியும் புத்தகம் வாங்க வருபவர்கள், ஒரு நாள் முன்பின்னாகத் தேதி வைத்து ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். தனி விளம்பரம் வேண்டாம், பயணமும் இரட்டைச் செலவில்லை. புத்தகக் கண்காட்சியின் முதுகில் ஏறி வளரும் இந்த உத்தி நல்ல உத்தி. சென்னைப் புத்தகக் காட்சியே 1977-இல் 22 அரங்குகளோடு ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்கி, 2023-இல் சுமார் 1,000 அரங்குகளைத் தொட்டது.

திண்டுக்கல்லுக்கு வருவோம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரம் 2,07,327 பேர். மாவட்டம் 21,59,775 பேர். நகரத்தில் ஆயிரத்துக்கு ஒருவர் வந்தால் 207. மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு ஒருவர் வந்தால் 216. இரண்டில் எதை எடுத்தாலும் 1939-இன் உலக மாநாட்டைவிடப் பெரிய கூட்டம்.

இடவசதியும் சாதகமே. திருச்சி, கரூர், மதுரை, பழனி என்று நான்கு திசையிலிருந்தும் ரயில் பாதை வந்து சேரும் சந்திப்பு இது. மதுரை சுமார் 65 கி.மீ., கரூர் 75, திருச்சி 95 அளவில், ஈரோடு 140. காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பலாம். லாட்ஜ் செலவு இல்லை. சென்னைக்குப் போகும் திண்டுக்கல்காரருக்கு இந்த வசதி கிடையாது. வைகை எக்ஸ்பிரஸில் காலையில் ஏறினால் எழும்பூரில் இறங்கும்போதே பிற்பகல். பேச ஆள் தேடி வெகுதூரம் அலையவும் வேண்டாம். இதே மாவட்டத்தின் கொடைக்கானல் மலையில் 1899-இல் அமைந்த சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. நூறு ஆண்டுக்கும் மேலான சூரியப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடம். திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே காந்திகிராமப் பல்கலைக்கழகம்.

இனி உத்தேச வரவு செலவு. ஒரு நாள் மாநாடு, 200 பேர். விலைகள் என் மதிப்பீடு; பேரம் பேசத் தெரிந்தவர் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் சாப்பாடு. திண்டுக்கல்லில் கூட்டம் போட்டுவிட்டு பிரியாணி போடாமல் அனுப்ப முடியாது. மாஸ்டர்கள் சொல்லும் பொதுக் கணக்கு, கிலோ அரிசிக்குக் கிலோ கறி, பத்துப் பேர் சாப்பிடலாம். 150 பேருக்கு 15 கிலோ சீரகச் சம்பா, கிலோ 120 வீதம் 1,800 ரூபாய். கறி 15 கிலோ, கிலோ 900 வீதம் 13,500. எண்ணெய், நெய், மசாலா, தயிர், வெங்காயம், விறகு, மாஸ்டர் கூலி 6,000. சைவம் சாப்பிடும் 50 பேருக்குச் சாம்பார் சாதம், தயிர் சாதம் 3,500. தண்ணீர் கேனையும் சேர்த்து 25,000 ரூபாய். தலைக்கு 125.

மற்ற செலவு: மண்டபம், கரண்டு, துப்புரவு 15,000. மைக் செட், புரொஜெக்டர் 6,000. வெளியூர் விருந்தினர் இருவர் 9,000. அச்சு வேலை 5,000. இதர செலவு 3,000. ஆக மொத்தம் 63,000 ரூபாய்.

வரவு: நேரில் வருபவருக்கு 300 ரூபாய் வீதம் 200 பேர், 60,000. ஆதரவுச் சந்தா 100 ரூபாய் வீதம் 100 பேர், 10,000. மொத்தம் 70,000. கையில் நிற்பது 7,000. அதில் பாதி, 3,500 ரூபாயை அடுத்த ஆண்டு நடத்தும் ஊருக்குக் கொடுத்துவிடலாம்.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆதரவுச் சந்தா இல்லையென்றால் 63,000 ரூபாயை அடைக்க 210 பேர் வர வேண்டும். 200 பேர் வந்தாலும் 3,000 ரூபாய் துண்டு விழும். சந்தா 10,000 வந்துவிட்டால் 177 பேர் போதும், மாநாடு கரையேறிவிடும். வராத நூறு பேர்தான் வந்தவர்களின் மாநாட்டைக் காப்பாற்றுகிறார்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இந்த நூறு சந்தாவைத் திரட்டுவது முடியாத காரியமல்ல. 300 ரூபாயையும் ஒரு வாரம் முன்பே வாங்கிவிட வேண்டும். ‘கண்டிப்பா வர்றேன்’ என்று சொல்லிவிட்டு வராதவருக்கும் சேர்த்துத்தான் மாஸ்டர் உலை வைப்பார்.

தேதியும் காசுதான். முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது. கிடைத்தாலும் 15,000-க்குக் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் சும்மா கிடக்கும். புரட்டாசியில் கறி விலை இறங்கும், ஆனால் சாப்பிட ஆள் இருக்காது. மார்கழியில் பதிப்பாளர்கள் சென்னைக் காட்சிக்கு அச்சடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். ஆக, ஆடி ஞாயிறு ஒன்றே தோது. அதுவும் வேண்டாம் என்றால், மாவட்ட நிர்வாகமும் திண்டுக்கல் இலக்கியக் களமும் நடத்தும் புத்தகத் திருவிழாவை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். ஈரோட்டில் வெற்றி கண்ட வழி அது.

லட்சம் ஆகும் என்பது சரியில்லை. அறுபத்து மூவாயிரம் ஆகும். முதல் ஆண்டு 200 பேர் வந்து, மூன்றாம் ஆண்டு 90 பேர் வந்தாலும் பதற வேண்டாம். உலக மாநாட்டின் பதிவேடும் அப்படித்தான் தொடங்குகிறது. நடத்த முன்வருபவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: மாநாடு முடிந்த மறு வாரமே, சாம்பார் சாதம் முதல் மைக் செட் வரை, வரவு செலவை ஒரு பக்கத்தில் அச்சடித்து, வந்தவருக்கும் வராமலே சந்தா கட்டியவருக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த ஆண்டுச் சந்தா அந்தக் காகிதத்தை நம்பித்தான் வரும்.